மெதுவாகப் போகும் வண்டிக்கு எஞ்சின் ஏன் சூடாகிறது?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பி, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய், ஏரிக்கரையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவது வடசென்னையில் பலருக்கும் பிடித்த சுற்று. போகவர நூறு கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். யாரும் விரட்டிக்கொண்டு போவதில்லை. முள் 40, 45ஐத் தாண்டாது. ஆனாலும் திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தும்போது எஞ்சின் பக்கம் காலை வைக்க முடியாத அளவுக்குச் சூடு இருக்கும். கடைசி ஐந்து கிலோமீட்டரில் இழுவையும் குறைந்திருக்கும். "மெதுவாகத்தானே வந்தோம், அப்புறம் ஏன் இப்படி?" என்ற கேள்வி வருவது நியாயம்தான்.

பதில் சுருக்கமானது. எஞ்சின் சூடாவதற்குக் காரணம் வேகம் இல்லை. வெயில்கூடப் பெரிய காரணம் இல்லை. உள்ளே பிறக்கும் சூட்டை வெளியே கொண்டுபோகக் காற்று கிடைக்காததுதான் காரணம். இது புரிந்துவிட்டால் எப்படி ஓட்டுவது, எதைச் சுத்தம் செய்வது, எப்போது அணைப்பது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

சூடு எவ்வளவு?

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். லிட்டருக்கு 60 கி.மீ. கொடுக்கும் 100 சிசி வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒரே சீராகப் போகிறது. ஒரு மணி நேரத்தில் முக்கால் லிட்டருக்கும் கொஞ்சம் குறைவாக பெட்ரோல் எரியும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அப்படியானால் எஞ்சினுக்குள் நொடிக்கு நொடி எரிவது சுமார் 6 கிலோவாட். இதில் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுவது ஏறத்தாழ கால் பங்கு. மீதி நாலரை கிலோவாட் வெறும் சூடு. அதில் பாதி புகையோடு சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். மிச்சமிருக்கும் இரண்டு கிலோவாட்டுக்கு மேலான சூட்டை எஞ்சினின் உலோகமும் ஆயிலும்தான் தாங்கி வெளியே தள்ள வேண்டும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி பெரும்பாலும் ஒரு கிலோவாட். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் வைத்து பெட்ரோல் டேங்குக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டது போல.

இந்தச் சூடு வெளியேறும் வழியைப் பாருங்கள். பெட்ரோலும் காற்றும் எரியும் கணத்தில் உள்ளே வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிஸ்டனும், அதற்கு மேலே சிலிண்டரை மூடியிருக்கும் ஹெட்டும் அலுமினியத்தில் செய்தவை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அப்புறம் அவை ஏன் உருகுவதில்லை? ஒவ்வொரு முறை எரிந்த சூட்டையும் அடுத்த முறை எரிவதற்குள் உலோகம் வெளியே கடத்திவிடுகிறது. ஹெட்டில் விழும் சூடு நேராக வெளியிலுள்ள ஃபின்களுக்கு, அதாவது எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காக நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தகடுகளுக்கு, போகிறது. பிஸ்டனில் விழும் சூடு அதைச் சுற்றியிருக்கும் ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்குப் போய், அங்கிருந்து ஃபின்களை அடைகிறது. பிஸ்டனின் அடிப்பக்கத்தில் தெறிக்கும் ஆயில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. கடைசியில் எல்லாம் வந்து சேரும் இடம் ஃபின். ஃபின்னிலிருந்து சூட்டை எடுத்துப்போக ஆள் வேண்டும். அந்த ஆள்தான் காற்று.

மணிக்கு 40 கி.மீ.யில் போகும்போது நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் காற்று ஃபின்களுக்கிடையே பாய்கிறது. இரண்டு இஸ்திரிப் பெட்டிச் சூட்டை அள்ளிக்கொண்டு போக அது தாராளமாகப் போதும். எஞ்சின் பதினைந்து, இருபது நிமிடத்தில் ஒரு நிலைக்கு வந்துவிடும். பிறக்கும் சூடும் வெளியேறும் சூடும் சமமாகி, அதற்கு மேல் ஏறாது. "ஓட ஓட சூடு ஏறிக்கொண்டே போகும், அதனால் அரைமணிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும்" என்று பலர் சொல்வார்கள். காலி ரோட்டில் சீராகப் போகும் நல்ல வண்டிக்கு அது பொருந்தாது. நிறுத்துவது உங்கள் முதுகுக்கும் கைக்கும் நல்லது, தாராளமாக நிறுத்துங்கள். எஞ்சினுக்கு அது தேவையில்லை.

சரி, வெயில்? ஃபின்னின் வெப்பம் 150 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்கு வெளிக்காற்று 28 டிகிரி என்றால் வித்தியாசம் 122. கத்திரி வெயிலில் வெளிக்காற்று 40 என்றால் வித்தியாசம் 110. சூடு வெளியேறும் அளவு இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆக, உச்சி வெயில் பறித்துக்கொள்வது பத்தில் ஒரு பங்கு மட்டும். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றால் பாயும் காற்று கிட்டத்தட்டச் சுத்தமாக நின்றுபோகும். அதோடு பக்கத்து லாரியின் ரேடியேட்டர் சூடும் சைலன்சர் புகையும் நம் எஞ்சின் மேல் வந்து அடிக்கும். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் எரியும் பெட்ரோல் குறைவுதான். ஆனால் சக்கரம் சுற்றாததால் எரிவது அத்தனையும் சூடாகவே மாறுகிறது, எடுத்துப்போகக் காற்றும் இல்லை. ஆகவே கத்திரி வெயிலில் காலி ரோட்டில் போவதைவிட மார்கழிக் காலையில் நெரிசலில் நிற்பது எஞ்சினுக்குக் கெடுதல்.

காற்றின் திசையும் ஒரு விஷயம். ஏப்ரல், மே பிற்பகல்களில் சென்னையில் பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்கிலிருந்து காற்று வீசும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து காற்று தள்ள, நீங்கள் 30 கி.மீ.யில் வடக்கே மீஞ்சூர் பக்கம் போனால், எஞ்சினுக்கு உண்மையில் கிடைப்பது 10 கி.மீ. காற்றுதான். ஓட்டுகிறவருக்கே வேர்க்கும். முகத்தில் காற்று படவில்லை என்றால் ஃபின்னிலும் படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது வேகத்தைப் பத்து கூட்டுங்கள்.

ஓட்டும் விதம்

நிதானமாக ஓட்டுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, டாப் கியரிலேயே ஊர்ந்து போவது. டாப் கியர் என்றால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், அதனால் சூடும் குறையும் என்று தோன்றும். பாதிதான் உண்மை. 100 சிசி வண்டியில் 25 கி.மீ. வேகத்தில் டாப் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரைத் திருகினால், எஞ்சின் முக்கும். வண்டி உதறும். ஹெட் பக்கமிருந்து டப்பாவில் சோழியைக் குலுக்குவது போல ஒரு ஓசை வரும். அதுதான் நாக்கிங். பெட்ரோல் ஒழுங்காகப் பரவி எரியாமல் ஒரு மூலையில் தானாகப் பற்றி வெடிக்கிறது என்று அர்த்தம். அந்த வெடிப்பு, ஹெட்டின் உட்சுவரிலும் பிஸ்டன் தலையிலும் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கலைத்துவிடும். சூட்டை மறைத்து நின்ற திரை அதுதான். திரை போனதும் சூடு நேராக உலோகத்தில் இறங்குகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் ஆயில் பம்பும் மெதுவாகவே தள்ளும்.

செய்ய வேண்டியது எளிது. 35, 40ஐத் தாண்டிய பிறகு டாப் கியர். 25 முதல் 35 வரை ஒரு கியர் கீழே. வண்டிக்கு வண்டி இது கொஞ்சம் மாறும். ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினால் வண்டி உதறாமல் முன்னே வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அதுதான் அளவுகோல். பின்னால் ஆள் இருந்தாலும் எர்ணாவூர் மேம்பாலம் போல ஏற்றம் வந்தாலும் கியரை முன்கூட்டியே குறையுங்கள். முக்கின பிறகு குறைப்பதில் பயன் பாதிதான்.

இரண்டாவது தவறு ஹாஃப் கிளட்ச். நெரிசலில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஆமை வேகத்தில் நகர்வது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. நம் கியர் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருப்பவை. பிளேட் வழுக்கி உரசும் சூடெல்லாம் நேராக ஆயிலில் இறங்கும். எஞ்சினைக் குளிர்விக்க வேண்டிய ஆயிலை நாமே காய்ச்சுகிறோம். முன்வண்டி நகர்ந்ததும் ஒட்டிக்கொண்டே போகாமல், பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளி விழும்வரை பொறுங்கள். பிறகு முதல் கியரில் கிளட்சை முழுவதுமாக விட்டு நகர்ந்து, நியூட்ரல் போட்டு நில்லுங்கள். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

கிளட்ச் லீவரின் முனையில் 10 முதல் 20 மி.மீ. வரை வெற்று ஆட்டம் இருக்க வேண்டும் என்பது பல வண்டிகளின் அளவு. ஆட்டமே இல்லாமல் கேபிளை இறுக்கி வைத்திருந்தால், நீங்கள் கையை எடுத்த பிறகும் கிளட்ச் கொஞ்சம் வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். இஷ்டத்துக்கு மைலேஜ் குறைந்து, ஆயில் சீக்கிரம் கறுத்துப்போனால் முதலில் இங்கே பாருங்கள்.

நிற்கும்போது அணைப்பது பற்றி. அரை நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால் அணைத்துவிடுங்கள். ரயில்வே கேட் மூடியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அணையுங்கள். "ஓடிக்கொண்டிருந்தால் ஆயில் சுற்றி எஞ்சினை ஆற்றும்" என்று நினைத்து ஐடிலிங்கில் விடுவது காற்றில் குளிரும் வண்டிக்குப் பொருந்தாது. ஆயில் சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுமே தவிர, காற்றில்லாமல் அதை வெளியே தள்ளாது.

நெரிசலைத் தாண்டி வெளியே வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி ஆறவிடுவதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. இரண்டு, மூன்று கிலோமீட்டர் 40இல், ஆக்சிலேட்டரை மிக லேசாகப் பிடித்துக்கொண்டு போங்கள். குறைந்த எரிப்பு, நிறைய காற்று. நிழலில் அரைமணி நின்றால் ஆறுவதை இது சில நிமிடத்தில் செய்துவிடும்.

ஃபின்னும் தூசியும்

வடசென்னையில் ஓடும் வண்டிக்கென்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோர உப்புக் காற்று. அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். மணலி, மாதவரம் ரோடுகளில் டிரெய்லர் கிளப்பிவிடும் புழுதி. ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கெட் ஓரமோ, வால்வைத் திறக்கும் டேப்பட்டின் மூடியோ லேசாக ஆயில் கசிந்தால் போதும், இந்த மூன்றும் அதில் ஒட்டிக் களிம்பாகி ஃபின்களுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். ஃபின் பளபளக்க வேண்டும் என்பது அழகுக்காக இல்லை. ஃபின் இடுக்கில் ஒரு மி.மீ. தடிமனுக்கு மண் உட்கார்ந்தாலும் அது உலோகத்துக்குக் கம்பளி போர்த்தினது போல. காற்று போகும் இடுக்கும் குறுகிவிடும்.

டார்ச் அடித்துப் பாருங்கள். முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறு ஹெட்டின் முன்பக்க ஃபின்களில்தான் அதிகம் சேரும். ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியுள்ள குழி அடுத்தது. ஹெட்டின் பின்பக்கம், கார்புரேட்டருக்கு முன்னாலுள்ள இடுக்கு மூன்றாவது. அங்கே யாரும் பார்ப்பதே இல்லை.

சுத்தம் செய்யும் முறை இது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் எடுத்துச் செய்வது நல்லது. சைலன்சர் வாயையும், ஏர் ஃபில்டர் பெட்டியின் காற்று வரும் வாயையும் பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். கடையில் கிடைக்கும், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு இடுக்காக, ஃபின்னின் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். பிரஷ் நுழையாத இடத்துக்கு ஐஸ்கிரீம் குச்சியைச் சுற்றி ஒரு துணி. கம்பி, ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், கீறல் விழுந்த இடத்தில் உப்பு முதலில் அரிக்கும். பிறகு ஷாம்பூ கலந்த தண்ணீர், கடைசியில் நல்ல தண்ணீர். வடசென்னையில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. கடைசி அலசலையாவது மெட்ரோ வாட்டரில் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் பூத்து, இத்தனை உழைப்பும் வீணாகும். பிளக் குழியில் தேங்கின தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மாதம் ஒருமுறை போதும். மழைக்காலத்தில் சேற்றுப் பாதையில் போய்வந்தால் அந்த வாரமே.

எஞ்சினுக்கு முன்னால் எதையாவது கட்டுவது இன்னொரு கெட்ட பழக்கம். மடித்த ரெயின்கோட், தண்ணீர் பாட்டில் பை, ஐந்து லிட்டர் கேன் என்று கிராஷ் கார்டில் கட்டிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். காற்று நுழையும் வாசலையே அது அடைத்துவிடுகிறது. அந்த மூட்டை பின்சீட்டுக்குப் போகட்டும்.

ஆயில்

ஆயில் வழுக்குவதற்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. ஃபின் தொட முடியாத இடங்களின் சூட்டை எடுத்து வருவது ஆயில்தான். 100 சிசி வண்டியில் மொத்தமே ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆயில் பிடிக்கும். 900 மி.லி.யில் 200 மி.லி. குறைந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். மிச்சமிருப்பது அதே சூட்டை அடிக்கடி சுமக்க வேண்டும். அது மெலிந்து, இன்னும் வேகமாகக் கெட்டுப்போகும்.

அளவு பார்ப்பதில் பலர் தவறுகிறார்கள். சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், மேலே ஏறிய ஆயில் இறங்கட்டும். ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு உள்ளே வைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் மரையில் திருகாமல் சும்மா வைத்துப் பார்ப்பதுதான் முறை, உங்கள் வண்டிக்கு எப்படி என்பது கையேட்டில் இருக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே, மேல்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. "கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும்" என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையில் பாதி காற்று, அது சூட்டையும் சுமக்காது, படலமாகவும் நிற்காது.

டப்பாவின் மேல் 10W30, 20W50 என்ற மாதிரி வரும் எண்களில் பின்னாலுள்ளது, எஞ்சின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. வெயில் காலத்துக்கென்று நீங்களாக கெட்டி ஆயிலுக்கு மாற வேண்டாம். மெல்லிய ஆயிலுக்கென்று அளவு வைத்துச் செய்த எஞ்சினில் கெட்டி ஆயில் மேலே ஏறவே நேரமெடுக்கும். கையேட்டில் இருக்கும் எண், அதோடு ஆயிலில் ஊறும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்ற தர முத்திரை. கார் ஆயிலை ஊற்றினால் அதிலுள்ள வழுக்கும் கலவையால் கிளட்ச் வழுக்கும், சூடு இன்னும் கூடும்.

எப்போது மாற்றுவது? கிலோமீட்டரைப் பார்த்துச் சொல்வார்கள். நகரத்துக்குள் ஓடும் வண்டிக்கு மணி நேரத்தையும் பார்க்க வேண்டும். 3000 கி.மீ.யைச் சராசரி 40 கி.மீ. வேகத்தில் ஓடினால் எஞ்சின் வேலை செய்தது 75 மணி நேரம். அதே 3000ஐ ராயபுரம், வண்ணாரப்பேட்டை நெரிசலில் சராசரி 15இல் ஓடினால் 200 மணி நேரம். மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். ஆயில் பட்ட பாடு இரண்டரை மடங்குக்கு மேல். வாரநாளில் நெரிசல், ஞாயிற்றுக்கிழமை நீண்ட சுற்று என்று ஓடும் வண்டிக்குக் கையேடு சொல்வதற்கு முன்னதாகவே மாற்றிவிடுவதுதான் சரி.

மற்றவை சுருக்கமாக. டயரில் காற்று குறைந்தால் எஞ்சின் கூடுதலாக இழுக்க வேண்டும். பின் பிரேக் டிரம் உரசிக்கொண்டிருந்தாலும் அப்படியே. சென்டர் ஸ்டாண்டில் நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் இரண்டு சுற்றாவது தடையில்லாமல் போக வேண்டும். செயின் நடுவில் 20 முதல் 30 மி.மீ. தொங்கல் இருக்கட்டும். கார்புரேட்டர் வண்டியில் மைலேஜுக்காகப் பெட்ரோலைக் குறைத்து டியூனிங் செய்யச் சொல்லாதீர்கள். பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும். பிளக்கைக் கழற்றினால் முனை இளம்பழுப்பாக இருக்க வேண்டும், வெள்ளை வெளேரென்று இருந்தால் கலவை மெலிவு. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்திருந்தாலும் காற்று திருட்டுத்தனமாக நுழைந்து இதே கோளாறைக் கொடுக்கும். டேப்பட் இடைவெளி பல சின்ன வண்டிகளில் 0.05 முதல் 0.10 மி.மீ. வரை, எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே பார்க்க வேண்டும். டேப்பட் டைட்டாக இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க மூடாது. தன் சூட்டை உட்கார்ந்திருக்கும் இருக்கைக்குக் கொடுக்க அதற்கு நேரமே கிடைக்காமல் ஓரம் கருகும்.

புல்லட், ஸ்கூட்டர், ரேடியேட்டர் வண்டி

புல்லட்டைப் பற்றி வடசென்னையில் பேசாமல் இருக்க முடியாது. 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை திருவொற்றியூரில்தான் இருந்தது. அந்தப் பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். வார்ப்பிரும்பு அலுமினியத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சூட்டைக் கடத்தும். சூட்டில் விரிவதிலோ அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 350 சிசி புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ. வெப்பம் 150 டிகிரி ஏறினால் பிஸ்டன் சுமார் 0.2 மி.மீ. பெருக்கும், சிலிண்டர் 0.1 மி.மீ.தான் பெருக்கும். வித்தியாசம் ஒரு தலைமுடி அகலம். பிஸ்டன் சுவரைவிடச் சூடாக இருப்பதால் இடைவெளி இன்னும் குறையும். அந்த முடியளவு இடமும் போனால் எஞ்சின் ஜாம். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டை 60க்கு மேல் நீண்ட நேரம் பிடிக்காதீர்கள் என்று மூத்த மெக்கானிக்குகள் சொல்வதற்கு இதுதான் காரணம். சிலிண்டரின் உட்சுவரைப் புதிதாகக் குடைந்து போர் செய்த எந்த வண்டிக்கும் முதல் 500 கி.மீ. இதே கவனம் வேண்டும்.

ஸ்கூட்டர் வேறு மாதிரி. எஞ்சின் கிராங்கிலேயே ஒரு ஃபேன் இருக்கும். வண்டி நின்றாலும் எஞ்சின் சுற்றும்வரை அது காற்றை இழுத்துப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிலிண்டர் மேல் அடிக்கும். நெரிசலில் கியர் வண்டியைவிட ஸ்கூட்டர் தாங்குவது இதனால்தான். ஆனால் அந்தக் கூட்டின் வலைவாயில் கேரி பேக் துண்டோ, முடியோ, தூசியோ அடைத்தால் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த வாயை விரலால் தடவிப் பாருங்கள். கூட்டில் ஒரு மூலை உடைந்திருந்தால் காற்று வழியிலேயே தப்பிவிடும், அதையும் மாற்றுங்கள்.

ரேடியேட்டர் உள்ள வண்டியில் மட்டும் நெரிசல் விதி மாறுகிறது. வெப்பம் ஏறினால் ஃபேன் தானாகச் சுற்றும். அது சுற்றிக்கொண்டிருக்கும்போது அவசரப்பட்டு அணைக்காமல் அது நிற்கும்வரை விடலாம். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் டப்பாவில் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது ஊரறிந்த விஷயம். அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும். வழியில் வேறு வழியே இல்லையென்றால் கேன் குடிநீர், ஊர் வந்ததும் முழுக்க வடித்துச் சரியான கூலன்ட். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேல் இருக்கும், திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

சூடு மீறினால்

அறிகுறிகள் வரிசையாக வரும். முதலில் இழுவை குறையும், அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் திருக வேண்டியிருக்கும். பிறகு நியூட்ரல் விழ மறுக்கும். அடுத்து அந்தச் சோழி ஓசை. கருகின ஆயில் வாசனை. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் நிழலில் நிறுத்தி அணையுங்கள். அணைத்த பிறகு கேட்கும் டிக், டிக் ஓசை உலோகம் சுருங்குவது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

இவற்றைக் கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் கனத்துக்கொண்டே வந்து, திடீரென்று பின்சக்கரம் கட்டிக்கொள்ளும். அந்தக் கணத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கிளட்சை முழுக்கப் பிடியுங்கள். சக்கரம் விடுபடும், வண்டியை ஓரம் சேர்க்கலாம். டிரெய்லர் ஓடும் ரோட்டில் இது உயிர் விஷயம். எஞ்சின் கனக்கும்போதே இரண்டு விரல் கிளட்ச் மேல் இருக்கட்டும். நிறுத்திய பிறகு உடனே கிக் அடிக்காதீர்கள், ஒட்டின பிஸ்டன் சிலிண்டரைக் கீறிவிடும். முக்கால் மணி நேரம் கழித்து ஆயில் அளவைப் பாருங்கள். கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் ஸ்டார்ட் செய்து, 30இல் அருகிலுள்ள மெக்கானிக்கிடம் போகலாம். தடை இருந்தால் தள்ளித்தான் போக வேண்டும்.

தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். 150 டிகிரி உலோகத்தில் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கினால் ஃபின் விரிசல் விடும், ஹெட் வளையும், கேஸ்கெட் கசியும். ஈரச் சாக்குப் போடுவதும் அதே கெடுதல். ஊர் சுற்றிவிட்டு நேராக வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போகிறவர்களும் கவனியுங்கள். ஃபின்னில் கை வைத்து ஐந்து விநாடி தாங்க முடிந்த பிறகுதான் பைப்பை எஞ்சின் பக்கம் காட்டச் சொல்ல வேண்டும். மழையில் ஓடும்போது மட்டும் இந்தப் பயம் இல்லை, அங்கே துளித்துளியாக முதலிலிருந்தே நனைந்துகொண்டு வருகிறது.

பழவேற்காட்டுச் சுற்றுக்கு இதையெல்லாம் பொருத்தினால், முந்தின இரவே ஆயிலும் டயரும் பார்த்துவிட்டு, ஐந்தரைக்குள் கிளம்புவது நல்லது. ஆறரைக்கெல்லாம் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசை கட்டத் தொடங்கிவிட்டால் அதன் நடுவே புகாமல் திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாக ஏறிக்கொள்ளுங்கள். பொன்னேரி தாண்டித் திருப்பாலைவனம் பக்கம் ரோடு திறந்துவிடும், அங்கே 45இல் சீராகப் போனால் எஞ்சினுக்கு அதுதான் சொர்க்கம். திரும்பும்போது பத்து மணிக்கு மேலானால் மீஞ்சூருக்கு முன்பே இரண்டு, மூன்று கிலோமீட்டர் 40இல், ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்துக்கொண்டு வந்து, இனிமேல் வரும் நெரிசலுக்கு எஞ்சினை ஆறவைத்துக் கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சூடாக இருக்கும்போதே கவர் போட்டு மூடாதீர்கள், சூடும் கடற்காற்று ஈரமும் உள்ளேயே நின்று உப்பு அரிக்கும். ஒரு பழைய அட்டையை எஞ்சினுக்குக் கீழே விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அட்டையில் புதிதாக ஒரு சொட்டு ஆயில் விழுந்திருந்தால், அது எந்த போல்ட்டுக்கு நேர்கீழே விழுந்தது என்று பாருங்கள். கேஸ்கெட் ஓரமா, ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டா என்பது தெரிந்த பிறகு மெக்கானிக்கிடம் போனால், எஞ்சினைப் பிரிக்காமலேயே பாதி வேலை முடியும்.